ஸ்டேடிக் மெம்பருக்குத் தொடக்க மதிப்பு: எங்கே எழுதுவது, எப்போது விழும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண மெம்பருக்கு மதிப்பு கொடுப்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. கன்ஸ்ட்ரக்டர் இருக்கிறது, வேலை முடிந்தது. ஸ்டேடிக் என்று வந்தவுடன்தான் கம்பைலர் ஒன்று சொல்ல, லிங்க்கர் வேறொன்று சொல்ல, எழுதுகிறவர் நடுவில் மாட்டிக்கொள்கிறார். இந்தத் தொல்லையில் பெரும்பங்கு சி++-க்குச் சொந்தம் என்பதால் இங்கே அதற்குத்தான் இடம் அதிகம். ஜாவா, சி#, பைத்தான் பின்னால் வருகின்றன. உதாரணத்துக்கு ஒரே கிளாஸ் போதும்: கவுன்ட்டரில் வரிசை எண் கொடுக்கும் ‘டோக்கன்’. எல்லா டோக்கனுக்கும் பொதுவாக அதில் ‘கடைசிஎண்’ என்று ஒரு ஸ்டேடிக் இன்ட். 100-ல் தொடங்க வேண்டும். முதலில் வருகிறவருக்கு 101. கோடு வரிகளை வாயால் படிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கடைசிஎண்ணுக்குக் கன்ஸ்ட்ரக்டரிலேயே 100 என்று கொடுத்துவிட்டால் என்ன?

கன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் ஓடும். முதல் டோக்கன் உருவாகும்போது 100 ஆக்கி, ஒன்று கூட்டி, 101 கொடுக்கும். இரண்டாவது டோக்கனும் அதையே செய்யும், அவருக்கும் 101. கவுன்ட்டரில் சண்டைதான். ஸ்டேடிக் மெம்பர் எந்த ஆப்ஜெக்ட்டுக்கும் சொந்தமில்லை. ஒரு ஆப்ஜெக்ட்கூட உருவாகாதபோதும் அது இருக்கும். அதனால் அதற்கு மதிப்பு கொடுக்கும் இடமும் ஆப்ஜெக்ட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். கன்ஸ்ட்ரக்டரின் இனிஷியலைசர் லிஸ்ட்டில், அதாவது கோலனுக்குப் பிறகு, ஸ்டேடிக் மெம்பர் பெயரைப் போட்டால் சி++ கம்பைலரே தடுத்துவிடும். உள்ளே சாதாரண அசைன்மென்ட்டாக எழுதினால் தடுக்காது. ஆபத்து அங்கேதான்.

கேள்வி: கிளாஸுக்குள் ‘ஸ்டேடிக் இன்ட் கடைசிஎண்;’ என்று எழுதினேன். கம்பைல் ஆகிறது. லிங்க் ஆகும்போது ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்கிறது. ஏன்?

கிளாஸுக்குள் நீங்கள் எழுதியது அறிவிப்பு மட்டும். ‘இப்படி ஒன்று எங்கோ இருக்கிறது’ என்று கம்பைலரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அது நம்பி விட்டுவிட்டது. மெமரியில் இடம் ஒதுக்கும் வரி எந்த ஃபைலிலும் இல்லை. எல்லா ஃபைலையும் சேர்க்க வந்த லிங்க்கர் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறது. விஷுவல் ஸ்டுடியோவில் இதே பிழை ‘அன்ரிசால்வ்டு எக்ஸ்டர்னல் சிம்பல்’ என்று, பெரும்பாலும் எல்என்கே2001 என்ற எண்ணுடன் வரும்.

ஏதாவது ஒரு .சிபிபி ஃபைலில், ஒரே ஒரு முறை, இந்த வரி வேண்டும்:

இன்ட் டோக்கன்::கடைசிஎண் = 100;

சின்ன வரிதான், ஆனால் மூன்று இடத்தில் கை தவறும். முன்னால் ‘ஸ்டேடிக்’ என்று மறுபடி எழுதக் கூடாது. எழுதினால் கம்பைலர் பிழை. ‘இன்ட்’ என்ற டைப்பை விடக் கூடாது. மூன்றாவதுதான் மோசம்: ‘டோக்கன்::’ என்பதை மறந்து வெறும் ‘இன்ட் கடைசிஎண் = 100;’ என்று எழுதிவிட்டால் அது சத்தமில்லாமல் கம்பைல் ஆகும். சம்பந்தமே இல்லாத ஒரு குளோபல் வேரியபிளை நீங்கள் உருவாக்கியிருப்பீர்கள். லிங்க்கரோ பழைய பிழையையே திரும்பச் சொல்லும். ‘எழுதியிருக்கிறேனே, ஏன் கண்ணில் படவில்லை’ என்று ஸ்கிரீனை முறைக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

கேள்வி: கடைசிஎண் பிரைவேட் ஆயிற்றே, வெளியிலிருந்து எப்படி மதிப்பு கொடுக்க முடியும்?

முடியும். அது வெளியாள் செய்யும் அசைன்மென்ட் இல்லை. கிளாஸின் சொந்த மெம்பரை வரையறுக்கும் வரி. ‘டோக்கன்::கடைசிஎண்’ என்ற பெயருக்குப் பிறகு வருகிற பகுதி கிளாஸுக்குள் இருப்பதாகவே கணக்கு. அதனால் சமக் குறிக்கு வலப்பக்கம் அந்தக் கிளாஸின் பிரைவேட் ஸ்டேடிக் ஃபங்ஷனைக்கூட, முன்னால் ‘டோக்கன்::’ போடாமலே, கூப்பிடலாம்.

கேள்வி: தனி .சிபிபி எதற்கு? அந்த வரியை ஹெட்டரிலேயே போட்டால்?

அந்த ஹெட்டரை ஒரே ஒரு .சிபிபி சேர்த்துக்கொள்ளும் வரை ஓடும். இரண்டாவது ஃபைல் சேர்த்தவுடன் ‘மல்ட்டிப்பிள் டெஃபினிஷன்’ வரும். இன்க்ளூட் கார்டு போட்டிருக்கிறேனே என்பார்கள். கார்டு ஒரே .சிபிபி-க்குள் ஹெட்டர் இரண்டு தடவை நுழைவதைத்தான் தடுக்கும், இரண்டு .சிபிபி-க்கள் தனித்தனியாகக் கம்பைல் ஆகும்போது இரண்டுக்குள்ளும் அந்த வரி போய்ச் சேரும். டைப்பைப் பிறகு நிரப்பிக்கொள்ளும் டெம்ப்ளேட் கிளாஸுக்கு மட்டும் விதிவிலக்கு: அதன் ஸ்டேடிக் மெம்பரை ஹெட்டரிலேயே வரையறுக்கலாம், லிங்க்கர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும்.

டெம்ப்ளேட்டுக்கு மட்டும் இருந்த இந்தச் சலுகையைத்தான் சி++17 எல்லா கிளாஸுக்கும் கொடுத்தது. கிளாஸுக்குள்ளேயே,

இன்லைன் ஸ்டேடிக் இன்ட் கடைசிஎண் = 100;

அவ்வளவுதான். வெளியே வரி எதுவும் வேண்டாம். புதிதாக எழுதுகிறவர்கள் இதையே எழுதுங்கள். பழைய முறையைக் கற்றுக்கொள்வது பழைய கோடைப் படிப்பதற்காக. ஜிசிசி கம்பைலரில் 11-ஆம் பதிப்பு முதல் சி++17-தான் இயல்பு. விஷுவல் ஸ்டுடியோவின் கம்பைலருக்கு இயல்பு சி++14 என்பதால் புராஜெக்ட் செட்டிங்கில் மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு இடத்தில் இது நேரடியாக ஒத்துவராது: டோக்கன் கிளாஸுக்குள்ளேயே டோக்கன் டைப்பில் ஒரு இன்லைன் ஸ்டேடிக் வேண்டுமென்றால் முடியாது. அந்த இடத்தில் கிளாஸ் இன்னும் முழுமையாகவில்லை, அளவு எவ்வளவு என்றே கம்பைலருக்குத் தெரியாது. உள்ளே வெறும் அறிவிப்பை எழுதிவிட்டு, கிளாஸ் முடியும் பிராக்கெட்டுக்குக் கீழே அதே ஹெட்டரில் ‘இன்லைன்’ போட்டு வரையறுக்க வேண்டும்.

கேள்வி: ‘ஸ்டேடிக் கான்ஸ்ட் இன்ட் உச்சவரம்பு = 500;’ என்று உள்ளேயே எழுதினால் பழைய கம்பைலரும் ஏற்கிறது. கான்ஸ்ட் டபுள் என்றால் மறுக்கிறது. அது என்ன பாரபட்சம்?

முழு எண் வகைகளுக்கும் ‘ஈனம்’ (enum) வகைக்கும் மட்டும், மொழியின் விதிநூலான தரத்தின் பழைய பதிப்பிலேயே அந்த அனுமதி உண்டு. அர்ரே அளவு, ஸ்விட்ச் கேஸ் மாதிரி இடங்களில் கம்பைலருக்கு மதிப்பு அப்போதே தெரிய வேண்டும் என்பதற்காக. டபுளுக்கு அந்தச் சலுகை இல்லை; சி++11 முதல் ‘கான்ஸ்ட்எக்ஸ்பிஆர்’ என்று எழுதினால் டபுளும் உள்ளே உட்காரும்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. உச்சவரம்பு வெறும் அறிவிப்புதான், மதிப்பு எழுதியிருந்தாலும். அதை எண்ணாகப் பயன்படுத்தும்வரை சிக்கல் இல்லை. ‘எஸ்டிடி::மேக்ஸ்’-க்குள் கொடுத்துப் பாருங்கள்: அந்த ஃபங்ஷன் ரெஃபரன்ஸ் வாங்குகிறது, ரெஃபரன்ஸுக்கு முகவரி வேண்டும், முகவரிக்கு வரையறை வேண்டும். டீபக் பில்டில் லிங்க்கர் பிழை வரும்; ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டால் கம்பைலர் ஃபங்ஷனையே கரைத்துவிடுவதால் பிழை காணாமல் போகும். ரிலீஸ் ஓடுகிறது, டீபக் ஓடவில்லை என்ற தலைகீழ் நிலை. சி++17-ல் ஸ்டேடிக் கான்ஸ்ட்எக்ஸ்பிஆர் மெம்பர் தானாகவே இன்லைன் ஆகிவிடுவதால் இந்தத் தலைவலி போய்விட்டது. வெறும் கான்ஸ்ட் இன்னும் பழைய மாதிரியேதான்.

கேள்வி: மேப், வெக்டர் மாதிரி பெரிய தரவை எப்படி நிரப்புவது? ஜாவாவில் ஸ்டேடிக் பிளாக் உண்டே?

சி++-ல் அப்படி ஒரு பிளாக் இல்லை. சின்ன அட்டவணை என்றால் சி++11 முதல் பிரேஸுக்குள் மதிப்புகளை அடுக்கிவிடலாம். லூப் போட்டோ கணக்குப் போட்டோ நிரப்ப வேண்டுமென்றால் ஒரு லாம்டாவை, அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷனை, எழுதி அங்கேயே கூப்பிட்டுவிடுங்கள்: சமக் குறிக்குப் பின் லாம்டா, அதன் உடலில் நிரப்பும் வேலை, கடைசியில் ரிட்டர்ன், மூடும் பிரேஸுக்குப் பின் ஒரு வெற்று அடைப்புக்குறி ஜோடி. அந்த ஜோடியை மறந்தால் லாம்டாவையே மேப்பில் போட முயல்கிறீர்கள் என்று கம்பைலர் இரண்டு பக்கத்துக்குப் புலம்பும். இப்படிச் செய்வதில் ஒரு லாபம், மேப்பைக் கான்ஸ்ட்டாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எல்லாம் சரியாக எழுதியும் சில நேரம் மெயின் தொடங்கும் முன்பே புரோகிராம் விழுகிறது. என் மெஷினில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை. என்ன நடக்கிறது?

எங்கே எழுதுவது என்ற கதை முடிந்து, எப்போது ஓடும் என்ற கதை இங்கே தொடங்குகிறது. சி++-ல் ஸ்டேடிக் தரவுக்கு மதிப்பு வருவது மூன்று கட்டமாக. முதலில் எல்லா ஸ்டேடிக் இடமும் பூஜ்யமாகத் துடைக்கப்படும். கம்பைல் நேரத்திலேயே தெரிந்த மதிப்புகள், நம் 100 மாதிரி, நேராக வந்து உட்காரும். இதற்குக் கோடு ஓட வேண்டியதில்லை. மீதி எல்லாம், அதாவது ஃபைல் படிப்பது, ஃபங்ஷனைக் கூப்பிடுவது, கன்ஸ்ட்ரக்டரில் உண்மையான வேலை செய்வது, மூன்றாவது கட்டத்தில் வழக்கமாக மெயினுக்கு முன் ஓடும்.

சிக்கல் மூன்றாவது கட்டத்தில் மட்டும்தான். ஒரே .சிபிபி-க்குள் எழுதிய வரிசையில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் உண்டு. இரண்டு .சிபிபி-க்கு நடுவே எது முதலில் என்று தரம் சொல்வதே இல்லை. நடைமுறையில் லிங்க்கருக்கு எந்த வரிசையில் ஃபைல் போனது என்பதைப் பொறுத்து மாறும். ஃபோல்டர் பட்டியல் வரிசை மாறினாலே போதும், சர்வரில் வேறு முடிவு.

நம் டோக்கனையே பாருங்கள். தொடக்க எண்ணை 100 என்று எழுதாமல் ‘அமைப்பு’ என்ற இன்னொரு கிளாஸ் செட்டிங் ஃபைலிலிருந்து படித்து ‘அமைப்பு::தொடக்கம்’ என்ற ஸ்டேடிக் இன்ட்டில் வைக்கிறது என்று கொள்வோம். டோக்கன்.சிபிபி-யில் ‘இன்ட் டோக்கன்::கடைசிஎண் = அமைப்பு::தொடக்கம்;’. அமைப்பு முதலில் ஓடினால் 100. டோக்கன் முதலில் ஓடினால் கிடைப்பது துடைத்துவிட்ட பூஜ்யம். முதல் டோக்கன் 1 என்று போகும். பிழைச் செய்தி கிடையாது, வார்னிங் கிடையாது. இன்ட் என்பதால் இதோடு தப்பித்தோம். எஸ்டிடி::ஸ்ட்ரிங்காக இருந்திருந்தால், கன்ஸ்ட்ரக்டர் ஓடாத ஸ்ட்ரிங்கைத் தொட்டிருப்போம். இலை போட்டாயிற்று, சோறு இன்னும் விழவில்லை என்கிற நிலை அது. கை வைத்தால் என்ன நடக்கும் என்று மொழி எதையும் வாக்குக் கொடுக்கவில்லை.

கேள்வி: இன்லைன் ஸ்டேடிக் ஆக்கினால் வரிசைப் பிரச்சினையும் தீருமா?

ஓரளவுக்கு. இரண்டும் இன்லைனாக இருந்து, எங்கெல்லாம் டோக்கன் வருகிறதோ அங்கெல்லாம் அமைப்பு அதற்கு மேலே வந்தால், அமைப்பு முதலில் ஓடும். டோக்கன் ஹெட்டர் அமைப்பு ஹெட்டரைச் சேர்த்துக்கொண்டாலே இது நடந்துவிடும். ஆனால் டெம்ப்ளேட் கிளாஸின் ஸ்டேடிக் மெம்பர்களுக்கு எந்த வரிசையும் கிடையாது. ஹெட்டர் வரிசையை நம்பி வாழ்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்; யாரோ ஒருநாள் சுத்தம் செய்கிறேன் என்று மாற்றிவிடுவார்.

கேள்வி: அப்போது நம்பகமான வழி எது?

முதல் வழி, மூன்றாவது கட்டத்துக்கே போகாமல் இருப்பது. மதிப்பு கம்பைல் நேரத்தில் தெரிந்தால் வரிசை என்ற பேச்சே எழாது. சி++20-ல் ‘கான்ஸ்ட்இனிட்’ என்ற சொல்லை முன்னால் போட்டால், மதிப்பு கம்பைல் நேரத்தில் கிடைக்காதபோது கம்பைலரே பிழை காட்டும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கான்ஸ்ட்டாக ஆக்குவதில்லை, பிறகு மதிப்பை மாற்றிக்கொள்ளலாம். நம் கடைசிஎண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

இரண்டாவது வழி, மெம்பரை எடுத்துவிட்டு அதை ஒரு ஸ்டேடிக் ஃபங்ஷனுக்குள் லோக்கல் ஸ்டேடிக்காக வைத்து, ரெஃபரன்ஸைத் திருப்பிக் கொடுப்பது. ஃபங்ஷனை யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அப்போது உருவாகும். கேட்டபோது தயாராக இருக்கும் என்பதால், எந்த ஃபைல் முதலில் ஓடினாலும் கவலையில்லை. சி++11 முதல் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் வந்தாலும் ஒருமுறைதான் உருவாகும் என்பது மொழியின் உத்தரவாதம். விஷுவல் ஸ்டுடியோவில் 2015 பதிப்பில்தான் இது வந்தது. ஒவ்வொரு அழைப்பிலும் ‘உருவாகிவிட்டதா’ என்று ஒரு சோதனை நடக்கும், அந்தச் செலவை அளந்து பார்த்து வருத்தப்பட்டவர்கள் குறைவு.

பிறப்பு தீர்ந்தால் இறப்பு இருக்கிறது. புரோகிராம் முடியும்போது ஸ்டேடிக்குகள் உருவான வரிசைக்குத் தலைகீழாக அழியும். ஏதோ ஒரு ஸ்டேடிக்கின் டிஸ்ட்ரக்டர் லாக் எழுதப் போகிறது, லாக் ஏற்கெனவே அழிந்துவிட்டது என்றால் கடைசி நொடியில் விழும். லாக் மாதிரி எல்லோரும் எப்போதும் கேட்கும் பொருளை, லோக்கல் ஸ்டேடிக் பாயின்ட்டரில் ‘நியூ’ போட்டு வைத்து டிலீட் செய்யாமலே விட்டுவிடுவது வழக்கம். மெமரி லீக் என்று யாராவது குறை சொன்னால், புராசஸ் முடியும்போது ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று பதில் சொல்லுங்கள்.

மெயினுக்கு முன்பே ஒரு ஸ்டேடிக் ஆப்ஜெக்ட்டின் கன்ஸ்ட்ரக்டரில், ஸ்கிரீனில் எழுதும் ‘சிஅவுட்’ வேலை செய்கிறதே எப்படி என்று சிலர் கேட்பார்கள். அதற்கு ஜெரி ஷ்வார்ஸ் கண்டுபிடித்த ஒரு கவுன்ட்டர் உத்தி: ஐஓஸ்ட்ரீம் ஹெட்டரைச் சேர்க்கும் ஒவ்வொரு ஃபைலிலும் ஒரு குட்டி ஆப்ஜெக்ட் நுழையும், முதலில் ஓடுவது சிஅவுட்டைத் தயார் செய்யும், கடைசியில் அழிவது பஃபரில் மிச்சம் இருப்பதை வெளியே தள்ளும். லைப்ரரி எழுதுகிறவர்களுக்கான சமாசாரம். நமக்கு ஃபங்ஷன் போதும்.

கேள்வி: பெரிய பழைய கோடில் இந்தப் பிழை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

கிளாங் கம்பைலரில் ‘குளோபல் கன்ஸ்ட்ரக்டர்ஸ்’ என்ற வார்னிங்கை இயக்கினால் மெயினுக்கு முன் கோடு ஓட்டும் ஒவ்வொரு வரியையும் காட்டும். பழைய புராஜெக்ட்டில் பட்டியல் நீளமாக வரும், பயப்பட வேண்டாம். மெமரிப் பிழை பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிட்டைசரில் இனிஷியலைசேஷன் வரிசையைச் சோதிக்கும் ஆப்ஷன் தனியாக உண்டு. அது ஓடும்போது பிடித்துக்கொடுக்கும்.

கேள்வி: ஸ்டேடிக் ஆப்ஜெக்ட் மூலம் கிளாஸைப் பதிவு செய்யும் உத்தியை எழுதினேன். லைப்ரரியில் வைத்தவுடன் பதிவே நடக்கவில்லை.

ஸ்டேடிக் லைப்ரரியிலிருந்து லிங்க்கர் தேவைப்பட்ட ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும்தான் எடுக்கும். உங்கள் ஃபைலில் இருக்கும் எந்தப் பெயரையும் வெளியே யாரும் கேட்கவில்லை என்றால் ஃபைலையே விட்டுவிடும். அதோடு உங்கள் ஸ்டேடிக்கும் போயிற்று. முழு லைப்ரரியையும் சேர்க்கச் சொல்லும் ‘ஹோல் ஆர்க்கைவ்’ ஆப்ஷன் தீர்வு. அல்லது மெயினிலிருந்து வெளிப்படையாக ஒரு பதிவு ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். அழகு குறைவு, நிம்மதி அதிகம்.

கேள்வி: ஜாவாவில் இந்த வம்பெல்லாம் இல்லைதானே?

லிங்க்கர் வம்பு இல்லை. ஃபீல்டு எழுதும் இடத்திலேயே மதிப்பு. போதாவிட்டால் ஸ்டேடிக் பிளாக். ஒரு கிளாஸை முதன்முதலில் உண்மையாகப் பயன்படுத்தும்போது, அதாவது ஆப்ஜெக்ட் உருவாக்கும்போதோ ஸ்டேடிக் மெத்தடைக் கூப்பிடும்போதோ, அந்தக் கிளாஸின் ஸ்டேடிக் வரிகள் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓடும். இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் வந்தால் பூட்டுவது, ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மின் பொறுப்பு.

ஆனால் ‘மேலிருந்து கீழாக’ என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. டோக்கன் கிளாஸில் முதல் வரி ‘ஸ்டேடிக் டோக்கன் முதல் = நியூ டோக்கன்’, இரண்டாவது வரி ‘ஸ்டேடிக் இன்ட் கடைசிஎண் = 100’ என்று வையுங்கள். முதல் வரியின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது கடைசிஎண் பூஜ்யம். கூட்டி 1 ஆகிறது. முதல் டோக்கனுக்கு எண் 1. அடுத்த வரி வந்து கடைசிஎண்ணை 100 என்று மேலெழுதும். அடுத்தவருக்கு 101. இதையே சி++-ல் இதே வரிசையில் வரையறுத்தால் முதல் டோக்கனுக்கே 101 கிடைக்கும், ஏனென்றால் 100 இரண்டாவது கட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அபூர்வமாக சி++ ஜெயிக்கும் இடம்.

இன்னொன்று: ஸ்டேடிக் பிளாக்குக்குள் எக்ஸெப்ஷன் வந்தால் முதல் தடவை ‘எக்ஸெப்ஷன்இன்இனிஷியலைசர்எரர்’ வரும், காரணமும் அதற்குள் இருக்கும். அடுத்த தடவையிலிருந்து ‘நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்’. லாக்கில் கடைசிப் பிழையை மட்டும் பார்க்கிறவர் ஜார் ஃபைல் விட்டுப்போயிற்று என்று கிளாஸ்பாத்தைத் துழாவிக்கொண்டிருப்பார். மேலே ஏறி முதல் பிழையைத் தேடுங்கள்.

‘ஸ்டேடிக் ஃபைனல் இன்ட்’ ஆக எழுதிய நிலையான எண், பயன்படுத்தும் கிளாஸுக்குள்ளேயே கம்பைல் நேரத்தில் நகலாகிவிடும். எண்ணை மாற்றிவிட்டு அந்த ஒரு கிளாஸை மட்டும் மறுபடி கம்பைல் செய்தால் மற்ற கிளாஸ்கள் பழைய எண்ணிலேயே ஓடும்.

கேள்வி: சி#?

ஜாவாவுக்கு நெருங்கிய உறவு. வரிகள் எழுதிய வரிசையில். கூடுதல் வேலைக்கு ஸ்டேடிக் கன்ஸ்ட்ரக்டர். அதில் எக்ஸெப்ஷன் வந்தால் ‘டைப்இனிஷியலைசேஷன்எக்ஸெப்ஷன்’. பிறகு அந்த டைப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் அதே பிழைதான், மறுமுயற்சி கிடையாது. அதனால் நெட்வொர்க், டேட்டாபேஸ் பக்கம் போகும் வேலையை அங்கே வைக்காமல் ‘லேஸி’ டைப்பில், மறுமுயற்சிக்கு இடம் தரும் ‘பப்ளிகேஷன்ஒன்லி’ முறையோடு, வையுங்கள். ஸ்டேடிக் கன்ஸ்ட்ரக்டர் எழுதாவிட்டால், ஃபீல்டுகளின் மதிப்பை எப்போது நிரப்புவது என்பதில் ரன்டைமுக்குச் சுதந்திரம் அதிகம். ஜெனரிக் கிளாஸில் ஒவ்வொரு டைப்புக்கும் தனி ஸ்டேடிக் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பைத்தானில் கிளாஸுக்குள் ‘கடைசிஎண் = 100’ என்று எழுதினேன். எல்லா டோக்கனுக்கும் 101 வருகிறதே?

‘செல்ஃப்.கடைசிஎண் += 1’ என்று எழுதியிருப்பீர்கள். அந்த வரி படிப்பது கிளாஸிலிருந்து, எழுதுவது ஆப்ஜெக்ட்டில். கிளாஸில் 100 அசையாமல் இருக்க, ஒவ்வொரு டோக்கனுக்கும் சொந்தமாக 101 என்று ஒரு நகல் உருவாகிறது. ‘டோக்கன்.கடைசிஎண் += 1’ என்று கிளாஸ் பெயரிலேயே எழுதுங்கள். லிஸ்ட் விஷயத்தில் நேர் எதிர்: கிளாஸுக்குள் ஒரு வெற்று லிஸ்ட் வைத்து ‘செல்ஃப்.பட்டியல்.அப்பெண்ட்’ செய்தால் நகல் உருவாகாது, எல்லா ஆப்ஜெக்ட்டும் ஒரே லிஸ்ட்டில் கொட்டும். அப்பெண்ட்டில் அசைன்மென்ட் இல்லை, அதுதான் வித்தியாசம்.

பைத்தானில் கிளாஸின் உடல் அந்த இடத்தை அடைந்தவுடன், சாதாரணக் கோடு மாதிரி மேலிருந்து கீழாக ஓடும். அதனால் லூப், இஃப் எல்லாம் நேராக எழுதலாம். லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனில் மட்டும் ஒரு தடை: முதல் ‘ஃபார்’ எதன் மேல் சுற்றுகிறதோ அதைத் தவிர மற்ற இடங்களில் கிளாஸின் வேரியபிள் கண்ணுக்குத் தெரியாது, ‘நேம்எரர்’ வரும். சாதாரண லூப்பாக மாற்றினால் சரியாகிவிடும்; லூப் வேரியபிளும் கிளாஸின் மெம்பராக ஒட்டிக்கொள்ளும் என்பதால் கடைசியில் அதை ‘டெல்’ செய்துவிடுங்கள். அப்புறம், பைத்தான் 3-ல் கடைசிஎண் என்ற பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஓடும்.